வளர்கிற பிள்ளைக்கு ஒரு முதுகுப் பை

ஒரு விடுகதை போடுகிறேன் தம்பி, விடை சொல்லுங்கள் பார்ப்போம். அதற்குக் காலே கிடையாது. ஆனால் நாம் போகிற இடமெல்லாம் கூடவே வரும். இரண்டு தோளையும் பிடித்துக்கொள்ளும், விடாது. நடந்து நடந்து நாம் களைத்துப்போவோம், அது களைக்காது. அது என்ன?

யோசியுங்கள். அவசரமே இல்லை. அந்த லாரி நகராமல் இந்த பஸ் நகராது. இந்த பஸ் நகராமல் நீங்களும் நானும் எங்கேயும் போகப்போவதில்லை.

என்ன, இறங்கி நிற்கலாம் என்று பார்க்கிறீர்களா? நல்ல யோசனைதான். ஆனால் நீங்கள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் எழுந்தால்தான் நீங்கள் வெளியே வர முடியும். நான் எழுவதற்கு, மடியில் இருக்கிற இந்தப் பையை எங்காவது வைக்க வேண்டும். கீழே அந்த அம்மாவின் வாழைக்காய்க் கூடை இருக்கிறது. மேலே தட்டில் இது நுழையாது. வத்தலக்குண்டிலேயே கண்டக்டர் தள்ளிப் பார்த்துவிட்டுத் திட்டிவிட்டுப் போனார். அதனால் உட்காருங்கள். முட்டி இடிக்கிறதா? கொஞ்சம் ஜன்னல் பக்கமாகச் சாய்ந்துகொள்ளுங்கள்.

விடை தெரிந்துவிட்டதா? இந்தப் பைதான். முதுகுப் பை.

இதே விடுகதையை என் மகளிடமும் போட்டேன். சஷ்டிகா என்று பெயர், வீட்டில் சஷ்டி. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நீங்கதான்பா" என்றாள். தப்பு என்றேன். அதற்குக் காலே கிடையாது என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டேனே, எனக்குத்தான் இரண்டு கால் இருக்கிறதே. கேள்வியை முழுதாகக் கேட்காமல் பதில் சொல்வது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வழக்கம்.

பை அவளுடையது. அவள் பை என் மடியில் எப்படி என்கிறீர்களா? அதை வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

எனக்குப் பெரியகுளம் ரோட்டில் ஒரு எடை மேடையில் வேலை. மாங்காய் லாரி, வாழைத்தார் லாரி, செங்கல் லாரி எல்லாம் என் மேடையில் ஏறித்தான் போகும். பாரத்தோடு ஒரு முறை, காலியாக ஒரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. பாரத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதோ அந்த லாரியைப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் குறுக்கே படுத்துவிட்டது. ஏன்? அளவுக்கு மேல் மரம் ஏற்றியிருக்கிறார்கள். தாங்காது என்று தெரியும், ஆனாலும் ஏற்றுவார்கள். கேட்டால் "ஒரே நடையில் போயிரட்டும்னே" என்பார்கள். வண்டிக்கு வாய் இருந்தால் அழும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சஷ்டியின் பள்ளிக்கூடத்தில் அகஸ்டின் என்று ஒரு பி.டி. சார். வருஷத்துக்கு ஒரு முறை பிள்ளைகளை மலைக்கு நடத்திக் கூட்டிப் போவார். எங்கள் பக்கத்து அடிவாரத்தில் கிளம்பி, வழியில் மலைக் கிராமங்களில் தங்கித் தங்கி, கொடைக்கானல் போய்ச் சேருவார்கள். அங்கே போனதும் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி உண்டு. போதும் என்பவர்கள் பெற்றோருடன் பஸ்ஸில் இறங்கலாம். இல்லை என்பவர்கள் வேறு வழியாக நடந்தே இறங்கலாம், அதற்கும் சில நாள் ஆகும். அதைப் பிள்ளையேதான் சொல்ல வேண்டும். அப்பா அம்மா சொல்லக்கூடாது. அது அவர் வைத்திருக்கிற சட்டம்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் அந்த மலை முழுதும் தெரியும். சஷ்டி சின்னதிலிருந்தே துணி காயப் போடும் சாக்கில் அங்கே போய் நின்றுகொண்டிருப்பாள். போன வருஷம் கேட்டாள், மழைக்காலம் என்று அனுப்பவில்லை. அதற்கு முந்தின வருஷம் கேட்டாள், வெயில். இந்த வருஷம் அவள் என்னிடம் கேட்கவில்லை. என் மனைவி போதுமணி கேட்டாள்.

"என்னங்க, இந்த வருசம் பிள்ளைய அனுப்புவீகளா மாட்டீகளா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

நான் என்ன பிள்ளையைக் கட்டிப்போட்டா வைத்திருக்கிறேன்? தாராளமாகப் போகட்டும் என்றேன். ஆனால் பை என் பொறுப்பு. சரியான பை கிடைத்த பிறகுதான் கையெழுத்து. நாள் கணக்கில் மலையில் நடக்கிற பிள்ளைக்குப் பை சரியில்லை என்றால் தோள் போகும், முதுகு போகும். நான் சொல்வது சரிதானே?

தேனியில் ஆரம்பித்தோம். முதல் கடையில் காட்டிய பையில் இடுப்புப் பட்டையே இல்லை. அடுத்த கடையில் பட்டை இருந்தது, ஜிப் மட்டமாக இருந்தது. இன்னொன்றில் எல்லாம் சரி, ஆனால் கறுப்பு நிறம். காட்டில் வைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. சிவப்பில் ஒன்று எடுத்துக் காட்டினார்கள். காட்டு மாடு இருக்கிற மலைக்குச் சிவப்பா? வேண்டாம் என்றேன். நீலம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை கடை பார்த்துவிட்டு இதை எடுக்க மனசு வரவில்லை.

சஷ்டி ஒவ்வொரு பையாக மாட்டுவாள், கழற்றுவாள். முதல் இரண்டு கடையில் கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கண்ணாடி பக்கமே போகவில்லை. நான் சொல்வதற்குக் காத்திருப்பாள், கழற்றிவிடுவாள். நல்ல பொறுமைசாலி.

"பையத்தான் பாக்குறீகளா, இல்ல பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்குறீகளா?" என்றாள் போதுமணி. "பேர் குடுக்க நாள் முடியப் போகுதாம்ல?"

அதற்காக அவசரப்பட முடியுமா? அந்த ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மலையேறுகிறவர்களுக்கான சாமான் மட்டுமே விற்கிற கடை ஒன்று இருக்கிறது. அங்கே ரெஹானா என்று ஒரு பெண். வேலை தெரிந்த பெண், அதில் குறை சொல்ல மாட்டேன். பையை எடுத்து நீட்டுவதற்கு முன்னால் டேப்பை எடுத்தாள்.

"தலையக் குனிம்மா" என்றாள். குனிந்தால் பிடரிக்குக் கீழே ஒரு எலும்பு துருத்திக்கொண்டு வரும், பார்த்திருக்கிறீர்களா? அங்கிருந்து இடுப்பெலும்பு மட்டம் வரைக்கும் அளந்தாள். ஆள் உயரம் முக்கியமில்லையாம், முதுகு நீளம்தான் முக்கியமாம். பாரம் தோளில் தொங்கக்கூடாது, இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். தோள்பட்டை பையைச் சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான். கனமான சாமானை முதுகை ஒட்டி நடுவில் வைக்க வேண்டும். பெரிய பை வாங்கினால் கை சும்மா இருக்காது, நிரப்பத்தான் சொல்லும். அதனால் தேவைக்கு மேல் பெரிதாக வாங்கக்கூடாது. இப்படி ஒவ்வொன்றாகச் சொன்னாள். நானும் கேட்டுக்கொண்டேன்.

பிறகு ஒரு பச்சைப் பையை எடுத்து, மணல் மூட்டைகளை உள்ளே வைத்து, சஷ்டி முதுகில் மாட்டி, இடுப்புப் பட்டையைப் பூட்டினாள். "கடைய ஒரு சுத்து சுத்திட்டு வா" என்றாள். சஷ்டி சுற்றி வந்தாள். வெளியே தெருவுக்கும் போய் வந்தாள். கடை வாசலில் நின்று ஒரு குதி குதித்தாள். பை அவளோடு ஒட்டிக்கொண்டே குதித்தது.

"அப்பா, கனமே தெரியலப்பா!" என்றாள். பல நாளாக அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"இவங்களுக்கே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு சார்" என்றாள் ரெஹானா.

எனக்கும் பிடித்துவிட்டது. அதனால்தான், "இதுலயே அடுத்த சைஸ் குடும்மா" என்றேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "இதுதான் சார் இவங்க சைஸ்."

"வளர்ற பிள்ளைம்மா."

"சார், இது செருப்பு மாதிரி. இன்னிக்கு இருக்கிற உடம்புக்குத்தான் வாங்கணும். வளர்ந்த பிறகு வளர்ந்ததுக்கு வாங்கலாம்."

செருப்பும் நாங்கள் அப்படி வாங்குவதில்லையே தம்பி! ஒரு சைஸ் பெரிதாக வாங்கி முன்னால் பஞ்சு வைப்போம். நீங்களும் அப்படித்தானே வளர்ந்திருப்பீர்கள்? யூனிஃபார்ம் எடுத்தால் பாவாடையை இரண்டு மடிப்பு மடித்துத் தைக்கச் சொல்வோம், வருஷத்துக்கு ஒரு மடிப்புப் பிரிக்கலாம். சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். வாங்கி ஒரு வருஷம் கழித்துத்தான் பெடல் எட்டியது. எட்டியதா இல்லையா? அதுதான் முக்கியம். பிள்ளை வளரும் என்று நம்புகிறவன்தான் பெரிதாக வாங்குவான். இதைச் சொன்னால் அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. சஷ்டி பச்சைப் பையைக் கழற்றி, பட்டைகளை ஒழுங்காக மடித்து, மேசை மேல் வைத்தாள்.

அந்த அடுத்த சைஸ்தான் இது. தொட்டுப் பாருங்கள், என்ன துணி! ஆயுசுக்கும் வரும்.

வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தோம். கொஞ்சம் நீளம்தான். இடுப்புப் பட்டை இடுப்பில் நிற்காமல் தொடைப் பக்கம் இறங்கியது. அதற்கென்ன, இரண்டு துண்டை மடித்து முதுகுக்கும் பைக்கும் நடுவில் கொடுத்தேன். காலியாக இருந்தால் பை துவண்டு ஆடியது. நடக்கிறபோது பை ஆடினால் ஆளையே இழுத்துவிடும் என்று அந்த ரெஹானாவேதான் சொன்னாள். அதனால் நிரப்பினேன். நிரப்ப ஆரம்பித்த பிறகுதான் எத்தனை சாமான் தேவைப்படும் என்பதே எனக்குத் தெரிந்தது.

இதோ பாருங்கள். மழைக் கோட்டு. அது கிழிந்தால் இன்னொரு மழைக் கோட்டு. டார்ச், டார்ச் கெட்டுப்போனால் மெழுகுவத்தி. எவர்சில்வர் தூக்கு, மூடி இறுக்கமானது. கம்பளி. தைலம். நைலான் கயிறு, எதற்கும் இருக்கட்டும் என்று. இந்த டப்பாவில் முறுக்கு, எடுத்துக்கொள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள். வீட்டுச் சாவியின் நகல் ஒன்றும் போட்டிருக்கிறேன். மலையில் வீட்டுச் சாவி எதற்கு என்று போதுமணியும் இப்படித்தான் பார்த்தாள். எங்கே போனாலும் வீடு திறக்க ஒரு சாவி கையில் இருக்க வேண்டாமா?

பிறகு பழக்கம் கொடுக்க வேண்டும் அல்லவா? தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் பையோடு நடக்கச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, கொடிக்கயிற்றுக்குக் கீழே குனிந்து, மறுபடி தொட்டியைச் சுற்றி. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனிப்பேன். முதலில் எல்லாம் திரும்பும்போது மலையைப் பார்ப்பாள். போகப் போகத் தரையைப் பார்த்தே நடந்தாள். பாரம் சுமக்கிறவர்கள் அப்படித்தான் நடக்க வேண்டும், அதுதான் முறை.

"ஜெயில்ல சுத்த விடுவாகளே, அந்த மாதிரியில்ல இருக்கு" என்றார் பக்கத்து மாடிக்காரர். எல்லாரும் சிரித்தோம். சஷ்டி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டுக் கனம் இருக்கும்?" என்று போதுமணி ஒரு நாள் கேட்டாள். அதுகூடத் தெரியாமலா இருப்பேன் என்று சஷ்டியைப் பையோடு எடை மேடைக்குக் கூட்டிப்போனேன். மேடை நடுவில் நிறுத்தினேன். உள்ளே வந்து பார்த்தால் திரையில் சைபர். அது லாரிக்கான மேடை தம்பி, ஒரு ஆளின் எடை எல்லாம் அதற்குக் கணக்கிலேயே வராது. மறந்தே போனேன்.

"எவ்வளவுப்பா?" என்று வெளியே நின்று கத்தினாள்.

"சைபர்மா!"

"பைக்கா, எனக்கா?"

"ரெண்டுக்கும் சேத்துத்தான்!"

அவள் கொஞ்ச நேரம் அந்த இரும்புத் தகட்டின் மேலேயே நின்றாள். பின்னால் வாழைத்தார் லாரிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தாள். எடைதான் பார்த்தாயிற்றே என்று நானும் விட்டுவிட்டேன்.

லாரிப் பக்கம் ஏதோ சத்தம் கேட்கிறது, பார்த்தீர்களா? ஜாக்கி வைக்கிறார்கள் போல. இன்னும் நேரமாகும். முறுக்கு எடுங்கள்.

கிளம்புகிற நாள் அடிவாரத்துக்கு நானும் போதுமணியும் போனோம். பிள்ளைகள் எல்லாம் மாமரத்தடியில் வரிசையாக நின்றார்கள். அங்கே போன பிறகுதான் அகஸ்டின் சாரின் இன்னொரு சட்டம் எனக்குத் தெரிந்தது. அவரவர் பையை அவரவரே தரையிலிருந்து எடுத்து மாட்ட வேண்டும். வேறு கை படக்கூடாது. முடியவில்லை என்றால் சாமானைக் குறைக்க வேண்டும்.

மற்ற பிள்ளைகள் டக்டக்கென்று மாட்டிக்கொண்டார்கள். சஷ்டி தூக்கிப் பார்த்தாள், முட்டி வரைக்கும்தான் வந்தது. சமயோசிதமான பிள்ளை, தரையில் உட்கார்ந்து, பையில் சாய்ந்து, தோள்பட்டை இரண்டையும் மாட்டி, இடுப்புப் பட்டையையும் பூட்டிவிட்டாள். பூட்டினாளே தவிர எழ முடியவில்லை. முன்னால் ஊன்றினாள், பக்கவாட்டில் உருண்டாள். மல்லாந்த ஆமை மாதிரி காலை உதைத்தாள். ஒரு பையன் சிரித்தான். அகஸ்டின் சார் அவனைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

நான் ஓடிப்போய்க் கை கொடுத்தேன்.

"வேணாம் சார், விட்டுருங்க" என்றார் அவர்.

"ஒரு தடவை எழுப்பி விட்டா அப்புறம் நடந்துருவா சார்."

"வழியில உக்காந்தா யாரு எழுப்பி விடுறது?"

"நான் வேணும்னா கூடவே வர்றேன்."

அவர் சஷ்டியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. தரையில் கட்டுண்டு உட்கார்ந்தபடியே அவளுடைய அம்மாவைப் பார்த்தாள். போதுமணி இட்லிப் பொட்டலம் கொண்டு வந்திருந்தாள். எதில் கொண்டு வந்திருந்தாள் தெரியுமா? சஷ்டியின் பழைய பள்ளிக்கூடப் பையில். பரணிலிருந்து எடுத்துத் துவைத்து, அறுந்த பட்டையைத் தைத்து, குறுக்கே இடுப்பில் கட்ட ஒரு நாடாகூட வைத்துத் தைத்திருந்தாள். இட்லி கொண்டுவர எதற்கு இடுப்பு நாடா? எனக்கு இன்னும் விளங்கவில்லை. பொம்பளைகள் கையில் ஊசி கிடைத்தால் சும்மா இருக்க மாட்டார்கள்.

சஷ்டி பட்டையை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தாள். இந்தப் பையிலிருந்து ஒரு மாற்றுத் துணி, தண்ணீர் பாட்டில், தட்டு, ஒரு மழைக் கோட்டு. அவ்வளவுதான் எடுத்தாள். அந்தப் பழைய பையில் வைத்தாள். மாட்டினாள். போய் வரிசையில் நின்றாள். வீட்டுச் சாவியை எடுத்துக்கொள் என்று இரண்டு முறை கத்தினேன், கேட்கவில்லை போல.

அந்தப் பை நான்காம் வகுப்புக்கு நான் வாங்கியது. அப்போது அது அவள் முட்டி வரைக்கும் தொங்கும். பெரிசா இருக்குப்பா என்று அழுவாள், வளர்ற பிள்ளைதானே என்பேன். அன்று பார்க்கிறேன், முதுகில் சரியாக உட்கார்ந்திருந்தது. சொன்னேன் அல்லவா? நான் வாங்கினால் ஒருநாள் சரியாகிவிடும்.

ஆனாலும் அது புத்தகப் பைதானே? இத்தனை நாள் மலையில் அந்தப் பையோடு அவள் தோள் என்ன பாடுபட்டிருக்கும்! அதனால்தான் போகிறேன். இன்று காலை அவர்கள் கொடைக்கானல் போய்ச் சேர்ந்திருப்பார்கள். சாயங்கால பஸ்ஸில் இரண்டு சீட் சொல்லி வைத்திருக்கிறேன், ஜன்னல் பக்கம் அவளுக்கு. அவள் என்னோடுதான் இறங்குவாள், அதில் சந்தேகமே இல்லை. பஸ்ஸில் இறங்கப்போகிறவளுக்குப் பை எதற்கு என்கிறீர்களா? எல்லாம் இதற்குள்தானே இருக்கிறது! தைலம், கம்பளி, சாவி. அவள் என்ன கேட்டாலும் எடுத்துக் கொடுக்கலாம். என்னோடுதான் இறங்குவாள். போதுமணியிடமும் இதைத்தான் சொன்னேன். அவள் இட்லிக்கு அரிசி ஊறப் போட்டாள்.

கொஞ்சம் இருங்கள், போன் அடிக்கிறது. சட்டைப் பைக்குக் கை போக மாட்டேன் என்கிறது, இதைச் சற்று உங்கள் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். பலமாகப் பிடியுங்கள், கனமாகத்தான் இருக்கும்.

சார், வணக்கம், சொல்லுங்க. பாதி வழியில மாட்டிக்கிட்டோம் சார், லாரி ஒண்ணு... ஆமா. கேட்டீங்களா? எல்லார்கிட்டயுமா? என்ன சொன்னா? சார்? இல்ல, கேக்குது. முதுகு வலி ஏதும்... சரி சார். அவகிட்ட ஒரு நிமிசம் குடுங்களேன். ஓ. சரி. சரி சார்.

அகஸ்டின் சார்தான். மூடுபனி இறங்குவதற்குள் கிளம்ப வேண்டும் என்று பிள்ளைகளிடம் சீக்கிரமே கேட்டுவிட்டாராம்.

நீங்கள் பிடித்துக்கொண்டே இருங்கள் தம்பி, இதோ வாங்கிக்கொள்கிறேன்.

சஷ்டி நடந்து இறங்குகிறேன் என்றாளாம். பழைய பையே போதும் என்றாளாம். முதல் ஆளாகக் கிளம்பிவிட்டாளாம்.